ஒன்பது செகண்டு

உள்ள வாங்ணா. அந்த ஸ்டூலை ஃபேனுக்குக் கீழ இழுத்துப் போட்டு உக்காருங்க. இந்தக் கடையில காத்து வர்ற இடம் அது ஒண்ணுதான்.

பூர்ணிமாவைப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்க. உங்க பையனுக்குப் பாக்கறீங்க. உடுமலையில இருந்து இதுக்குன்னே பஸ் ஏறி வந்திருக்கீங்க. தப்பே இல்லீங்ணா. ஒரு பொண்ணை வீட்டுக்குக் கூட்டீட்டு வர்றதுக்கு முன்னாடி நாலு இடத்துல கேக்கறதுதான் முறை. கேக்காம விட்டுட்டு அப்பறம் கண்ணைக் கசக்குன குடும்பம் எனக்கே மூணு தெரியும்.

நான் யாரையும் குறை சொல்ற ஆள் கிடையாது. அதை மொதல்லயே சொல்லீர்றேன். ஆனா நீங்க கேட்டுட்டீங்க. ஒரு பையனோட வாழ்க்கை. தெரிஞ்சிருந்தும் மறைச்சா அந்தப் பாவம் எனக்குத்தான் வரும். ஒரே வார்த்தையில சொல்றதுன்னா, அந்தப் பொண்ணை நம்ப முடியாதுங்ணா. கூட இருந்தே குழி பறிக்கற ரகம். ஏன்னு கேட்டீங்கன்னா கொஞ்ச நேரம் ஆகும். டீ சொல்லியிருக்கேன், வந்துரும்.

இந்த ஜெராக்ஸ் மிசினையும் பாஸ்போர்ட் போட்டோ போர்டையும் பாத்து என்னை எடை போட்டறாதீங்க. ஒன்றரை வருசத்துக்கு முன்னாடி வரைக்கும் நான் பம்ப் கம்பெனியில வீடியோப் பிரிவுக்கு மேனேஜர். நாச்சிமுத்துன்னா அந்தக் கேட்டுல இருக்கற வாட்ச்மேன்ல இருந்து மொதலாளி வரைக்கும் தெரியும். பதினோரு வருசம். எனக்குக் கீழ எட்டுப் பேரு. கேமராவுக்கு, எடிட்டிங்குக்கு, குரல் குடுக்க, எழுதன்னு ஆளாளுக்கு ஒரு வேலை.

பம்ப் விக்கறவனுக்கு வீடியோ எதுக்குன்னு நீங்களும் நினைப்பீங்க. எல்லாரும் நினைக்கறதுதான். நம்ம மோட்டாரு பீகார் வரைக்கும் போகுதுங்க. அங்க ரிப்பேரு ஆச்சுன்னா யாரு பாக்கறது? அந்த ஊரு மெக்கானிக்கு. அவனுக்கு யாரு சொல்லிக் குடுக்கறது? புத்தகம் போட்டுக் குடுத்தா அதைப் பிரிக்காமயே மோட்டாருக்கு முட்டுக் குடுத்துருவான். போன்ல படம் வந்தாப் பாப்பான். இந்த மூடியை இப்படிக் கழட்டு, இந்த ஒயரை இங்க மாட்டுன்னு அஞ்சு நிமிசப் படம். தமிழ்ல எடுத்து தெலுங்கு, கன்னடம், இந்தின்னு குரல் மாத்தி விடுவோம். முந்நூறுக்கு மேல எடுத்திருக்கேன்.

வீடியோ எடுக்கறது ஒரு வேலையே இல்லீங்ணா. போன் வெச்சிருக்கறவனெல்லாம் எடுக்கறான். எட்டுப் பேரை ஒருத்தன் வேலை இன்னொருத்தன் மேல இடிக்காம வரிசையில நடத்தறது இருக்குதே, அதுதான் வேலை. மொத வருசத்துல ஒரு படத்துல சிவப்பு ஒயரும் நீல ஒயரும் மாறிப் போயிருச்சு. இருநூறு போன் வந்துச்சு. மொதலாளி கூப்பிட்டாரு. "நாச்சிமுத்து, இனிமே ஒரு படம் வெளிய போகோணும்னா அதுக்கு நீதான் ஜவாப்பு"ன்னு ஒரே வார்த்தை. அன்னைக்குப் போட்டதுதான் மஞ்சச் சீட்டு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சீட்டு. எழுதுனதும் சர்வீஸ் இஞ்சினியர் படிச்சுக் கையெழுத்து. எடுக்கறப்ப அவரு கேமரா பக்கத்துலயே நிக்கோணும், கையெழுத்து. வெட்டி ஒட்டுனதும் மறுபடி அவரு பாக்கோணும், கையெழுத்து. இப்படி ஏழு கையெழுத்து. ஏழாவது என்னோடது. அது விழாம ஒரு படம் கேட்டைத் தாண்டாது. பத்து வருசத்துல ஒரு புகார் கிடையாது.

பூர்ணிமா அங்க எடிட்டரா வந்தவ. நாலு வருசம் எனக்குக் கீழ இருந்தா. வேலை தெரியும், அதை நான் மறைக்க மாட்டேன். மத்தவங்க ஒரு நாள் பூரா பண்றதை மத்தியானத்துக்குள்ள முடிச்சுருவா. ஆனா வாய் சும்மா இருக்காது. ஏன், எதுக்குன்னு கேட்டுட்டே இருப்பா. ஒருக்கா நாலு மணி நேரம் லைட்டுப் போட்டு எடுத்த படம், மெக்கானிக்கா நடிச்சவரு வெறுங்கால்ல நின்னிருக்காருன்னு எடிட் பண்ணாம வெச்சுட்டா. "இதைப் பாத்துட்டு ஈரத்துல வெறுங்கால்ல நின்னாங்கன்னா என்னண்ணா பண்றது"ங்கறா. இஞ்சினியரே ஒண்ணும் சொல்லல, இவளுக்கு என்ன? மறுபடியும் எடுத்தோம். இந்தப் பிடிவாதத்தைக் குறிச்சுக்கங்க. வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான் இருப்பா.

நான் அவளுக்குச் செய்யாததா? அவங்கப்பாவுக்கு இருதய ஆப்பரேசன்னு வந்தப்ப பன்னண்டு நாள் லீவு குடுத்து, அவ வேலையை நானே மிசின்ல உக்காந்து முடிச்சேன். "உங்களை மறக்க மாட்டேண்ணா"ன்னா. மறக்கலதான்.

இந்தாங்க, டீ. சூடு ஆறறதுக்குள்ள குடிங்க.

அப்பறம் நிரஞ்சன்னு ஒருத்தன் வந்தான். பெங்களூர்ல பெரிய வேலையில இருந்தவனாம், முப்பத்திநாலு வயசு. விளம்பரம், வீடியோ எல்லாத்துக்கும் தலைவர்னு மொதலாளி கொண்டாந்து உக்கார வெச்சாரு. மொத நாளே என்னை "நாச்சி"ன்னு கூப்பிட்டான். என்ற வயசு அம்பத்திநாலு. என்னைப் பெத்தவங்க கூட அப்படிக் கூப்பிட்டதில்ல.

அதைக் கூடப் பொறுத்துக்கிட்டேங்ணா. ரெண்டாவது வாரம் ஒரு மீட்டிங். மேனேஜருக எல்லாரும் இருக்காங்க. மொதலாளி இருக்காரு. என்னோட பழைய படம் ஒண்ணைத் திரையில போட்டான். நாதஸ்வரத்தோட கம்பெனி முத்திரை சுத்தி சுத்தி வரும், அது பதினஞ்சு செகண்டு. அந்தக் காலத்துல அப்படித்தான். அதை வேகமா ஓட விட்டுக் காட்டுனான். நாதஸ்வரம் கொசு பாடுற மாதிரி கேட்டுச்சு. "இதை யாருங்க பாப்பாங்க? படம் வர்றதுக்கு மூணு வாரம், பாக்கறவங்க மூணு பேரு"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. மொதலாளியும் சிரிச்சாரு. வாயில கையை வெச்சுட்டு, தோளு குலுங்கச் சிரிச்சாரு. நான் பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கேன்.

அன்னைக்கு முடிவு பண்ணுனதுங்க. இவனை இந்தக் கேட்டு வழியாவே வெளிய அனுப்பணும். அதை நான் நின்னு பாக்கணும்.

மஞ்சச் சீட்டெல்லாம் குப்பைக்குப் போச்சு. சுவத்துல பெரிய டிவி ஒண்ணு மாட்டுனான். ஒவ்வொரு படமும் ஒரு அட்டை மாதிரி அதுல தெரியும். எழுதறவங்க பெட்டி, எடுக்கறவங்க பெட்டி, வெட்டறவங்க பெட்டின்னு அட்டை நகந்து போகும். கடைசிக்கு முந்துன பெட்டி எனக்கு. பச்சை பட்டனை அமுக்குனா படம் வெளிய போயிரும். சிவப்பை அமுக்குனா திரும்பப் போகும். சர்வீஸ் இஞ்சினியருக்குப் பெட்டியே கிடையாது, அவரு லேட்டாக்கறாராம்.

எனக்கு ஒரு மெயில் போட்டான். இருங்க, காட்டறேன். இந்த டிராயர்லதான் இருக்குது. பாருங்க, பிரிண்டு எடுத்து லேமினேசன் பண்ணி வெச்சிருக்கேன். படிக்கறேன், கேளுங்க. 'நாச்சி எழுத்துப்பிழை, முத்திரை, கம்பெனி நிறம் இது மூணு மட்டும் பார்த்தால் போதும். தொழில்நுட்ப விஷயங்களில் தலையிட வேண்டாம்.' தேதி போட்டிருக்குதுங்களா? கீழ அவன் பேரு இருக்குதுங்களா? அவ்வளவுதான் எனக்கு வேணும்.

நான் சண்டை போடலீங்ணா. கோவத்தை உடனே காட்டறவன் தோத்துருவான். நான் காத்திருந்தேன். அவன் சொன்னதை எழுத்துக்கு எழுத்து செஞ்சேன். ஒரு படத்துல ஆயில் அளவு தப்பா சொல்லியிருந்தாங்க. பாத்தேன். எழுத்துப்பிழை இல்ல. பச்சை. இன்னொண்ணுல நட்டை எந்தப் பக்கம் திருப்பணும்னு மாத்திச் சொல்லியிருந்துச்சு. முத்திரை சரியா இருக்குது, பச்சை. ஒரு நோட்டு போட்டு எல்லாத்தையும் தேதியோட குறிச்சு வெச்சேன். டீலருக கொஞ்சம் முணுமுணுத்தாங்க, அவன் இனிக்க இனிக்கப் பேசிச் சமாளிச்சுட்டான். சின்னச் சின்னதா பத்தாதுன்னு தெரிஞ்சுபோச்சு. பெருசா ஒண்ணு வேணும். ஆறு மாசம் காத்திருந்தேன்.

ஏப்ரல் மாசம். வெயில் காலம்தான் மோட்டாருக்கு சீசன். முப்பது நாள்ல முப்பது படம், ஒவ்வொண்ணும் ஒரு நிமிசத்துக்குள்ள இருக்கணும்னு நிரஞ்சன் உத்தரவு. அதுல ஒண்ணு, ஸ்டார்ட்டர் பெட்டியில கண்டன்சர் மாத்தறது. உங்க தோட்டத்துல போர் இருக்குதுங்களா? இருக்குமே. அந்தப் பெட்டிக்குள்ள டப்பா மாதிரி ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுதான். மெயினை அணைச்சாலும் அதுக்குள்ள கரண்டு தங்கியிருக்கும். ஒரு பல்பு ஒயரை வெச்சு அதோட ரெண்டு முனையையும் தொட்டு, கரண்டை இறக்கிட்டுத்தான் கை வைக்கோணும். இல்லாட்டித் தூக்கி அடிச்சுரும்.

பூர்ணிமா அந்தப் படத்தை ஒரு நிமிசம் ஒன்பது செகண்டுக்குக் கொண்டாந்திருந்தா. நிரஞ்சன் ஒன்பது செகண்டைக் குறைன்னான். எதைக் குறைக்கறதுன்னு அவனே காட்டுனான். "இங்க ஒண்ணுமே நடக்கல, ஒருத்தன் பல்பைப் பிடிச்சுட்டு நிக்கறான். இதை எடுத்துரு." அந்தப் பல்புதான் அந்த ஒன்பது செகண்டு. அவ வேண்டாம்னு சொல்லிப் பாத்திருக்கா. அவன் கேக்கல. வெட்டுனா. அட்டை என் பெட்டிக்கு வந்துச்சு.

நான் படத்தைப் பாத்தேன். பாத்ததுமே தெரிஞ்சுது. ஆறு மாசமா எதுக்குக் காத்திருந்தேனோ அது வந்து மடியில விழுந்திருக்குது.

அப்ப போன் அடிச்சுது. அவதான்.

"அண்ணா, கண்டன்சர் படம் உங்ககிட்ட வந்திருக்குது. அதுல கரண்டை இறக்கறது இல்லீங்ணா."

"பாத்தேன் அம்மணி."

"நான் சொல்லிட்டேன், அவரு கேக்கல. என்னால நிறுத்த முடியாதுண்ணா. சிவப்பு பட்டன் உங்ககிட்ட மட்டுந்தான் இருக்குது. திருப்பி அனுப்பிச்சுருங்க, நான் வேற எதையாவது வெட்டி அதை உள்ள வெச்சுர்றேன்."

"எழுத்துப்பிழை மட்டும் பாக்கச் சொல்லி எனக்கு உத்தரவு."

"அண்ணா, இதைப் பாத்துட்டு ஆராச்சும் கையை வெச்சுட்டா?"

"வெக்கட்டும். அப்பத் தெரியும் எவன் தலை உருளுதுன்னு."

அப்பறம் சொல்றா, "அப்படின்னா நான் மொதலாளிகிட்ட போறேண்ணா."

பாத்தீங்களா புத்தியை? அவ போய்ச் சொன்னா மொதலாளி நிரஞ்சனைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொல்லுவாரு, அவனும் மன்னிச்சுக்கங்கம்பான், படத்தைத் திருத்துவாங்க. அதோட முடிஞ்சுது. என்ற ஆறு மாசம் என்ன ஆகறது? அதனால பொறுமையாப் பேசுனேன். "அட, கோவத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டேன் அம்மணி. மொதலாளியெல்லாம் எதுக்கு? நான் திருப்பி அனுப்பறேன். நீ போய் அடுத்த வேலையைப் பாரு"ன்னேன். "சரிங்ணா"ன்னு வெச்சுட்டா. அடுத்தடுத்து அட்டை வந்துட்டே இருந்துச்சு அவளுக்கு, திரும்பிப் பாக்க நேரமில்ல.

நான் எழுத்தைப் பாத்தேன். பிழை இல்ல. முத்திரை சரி. நிறம் சரி. பச்சையை அமுக்குனேன்.

என்னங்ணா அப்படிப் பாக்கறீங்க? டீ சக்கரை கம்மியா?

பத்தொம்பது நாள் கழிச்சு தாராபுரம் பக்கத்துல வெள்ளியங்கிரின்னு ஒரு ஆளு. தறி ஓட்டீட்டு இருந்தவன், தறி நின்னதும் டூல்ஸ் வாங்கி மோட்டார் வேலைக்கு வந்துட்டான். எல்லாமே நம்ம படத்தைப் பாத்துக் கத்துக்கிட்டதுதான். ஒரு தோட்டத்துல கண்டன்சர் மாத்தப் போயிருக்கான். பெட்டி உசரத்துல இருந்துருக்குது, பிளாஸ்டிக் டிரம்மைக் கவுத்து அது மேல ஏறி நின்னிருக்கான். தோட்டக்காரரு கீழ நின்னு போனைப் பிடிச்சுக் காட்டியிருக்காரு. படத்துல சொன்ன மாதிரியே மெயினை அணைச்சான். படத்துல சொன்ன மாதிரியே மூடியைக் கழட்டுனான். படத்துல சொன்ன மாதிரியே கையை வெச்சான். தூக்கி அடிச்சதுல பின்னால தொவைக்கற கல்லு மேல விழுந்து தொடை எலும்பு முறிஞ்சுபோச்சு. வலது மணிக்கட்டும் போச்சு. டிரம் உருண்டு கெடக்குது, போன்ல படம் இன்னும் ஓடீட்டு இருந்துச்சுன்னு அந்தத் தோட்டக்காரரு டீலர்கிட்ட சொன்னாராம். டீலரு நேரா மொதலாளிக்கே போன் பண்ணிட்டாரு.

கேட்டப்ப எனக்கு சங்கடமாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். நான் நினைச்சது ஏதோ லேசா ஒரு ஷாக்கு, டீலர் ஒருத்தரு கத்துவாரு, அந்த அளவுக்குத்தான். எலும்பெல்லாம் முறியணும்னு நான் வேண்டிக்கவா செஞ்சேன்? ஆனா நடந்தது நடந்துருச்சு. நடந்ததை வீணாக்கக் கூடாதில்லைங்களா.

திங்கக்கிழமை காலையில மீட்டிங். நான் தேச்ச சட்டை போட்டுட்டுப் போனேன். அதே ரூமு, அதே திரை. நிரஞ்சன் மூஞ்சி வெளுத்துக் கிடக்குது. மொதலாளி படத்தை ரெண்டு தடவை ஓட விட்டாரு. யாரும் சிரிக்கல. "இதை யாரு பாத்து அனுப்பிச்சது?"ன்னாரு. நிரஞ்சன் என்னைப் பாத்தான். "நாச்சிமுத்து சார், நீங்க பாத்தீங்கல்ல? ஏன் சொல்லல?"

சார்னான். அன்னைக்குத்தான் மொதத் தடவை சார்னான்.

நான் இந்த லேமினேசனை எடுத்து மொதலாளி முன்னாடி வெச்சேன். அவரு படிச்சாரு. மறுபடி ஒருக்கா படிச்சாரு. நிரஞ்சனைப் பாத்து, "இஞ்சினியர் பாக்கறதை யாரைக் கேட்டு எடுத்தே?"ன்னாரு. மத்தியானத்துக்குள்ள அவன் கணக்கு தீந்துபோச்சு. ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிட்டுக் காருக்குப் போனான். பெட்டி மேல ஒரு சின்னப் பூத்தொட்டி, அது சாஞ்சு மண்ணெல்லாம் சட்டையில கொட்டுச்சு. நான் மாடி ஜன்னல்ல நின்னு பாத்தேன். கண்ணாடியைத் தொடச்சுப் போட்டுட்டுப் பாத்தேன். அன்னைக்கு மத்தியானம் கேண்டீன்ல சாப்பிட்ட கொள்ளு ரசம் இருக்குது பாருங்க, அந்த ருசி இன்னும் நாக்குல இருக்குதுங்ணா.

மொதலாளி கூப்பிட்டு, "மஞ்சச் சீட்டை மறுபடி கொண்டா நாச்சிமுத்து. நான்தான் ஏமாந்துட்டேன்"னாரு. அந்த வார்த்தைக்காகத்தானே இத்தனையும். எல்லாம் முடிஞ்சுது. எல்லாம் சரியாகிப் போச்சு. அந்த எடத்துல விட்டிருக்கலாமில்லைங்களா?

பூர்ணிமா அந்தத் திங்கக்கிழமை ஆபீசுக்கு வரல. லீவு. எங்க போயிருந்தான்னு நினைக்கறீங்க? தாராபுரத்துக்கு. ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த வெள்ளியங்கிரியைப் பாத்துட்டு, அவன் போன்ல அந்தப் படத்தையும் பாத்துட்டு வந்திருக்கா. புதன்கிழமை என்னை மொதலாளி ரூமுக்குக் கூப்பிட்டாங்க. போனா அவ உக்காந்திருக்கா. அழுகையெல்லாம் இல்ல. மடியில ஒரு கவரு.

"சொல்லும்மா, அவரு முன்னாடியே சொல்லு"ன்னாரு மொதலாளி.

"அந்த ஒன்பது செகண்டை வெட்டுனது நான்தாங்க சார். தப்புன்னு தெரிஞ்சே வெட்டுனேன். அண்ணாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். திருப்பி அனுப்பறேன்னு சொன்னாரு. அதை நம்பிட்டு மறுபடி போய்ப் பாக்காம விட்டேன். பாத்திருக்கோணும்."

மொதலாளி என் பக்கம் திரும்புனாரு. "போன் பண்ணுச்சா?"

"இல்லீங்க"ன்னேன்.

பின்ன என்னங்ணா செய்யச் சொல்றீங்க? ரெண்டு நாளைக்கு முன்னாடி ஏமாந்துட்டேன்னு எங்கிட்டச் சொன்ன மனுசன். அவரு மூஞ்சியைப் பாத்துட்டு ஆமாங்கன்னு எப்படிச் சொல்றது? அவ என்னைப் பாத்தா. கத்துவா, சத்தியம் பண்ணுவான்னு நினைச்சேன். ஒண்ணும் இல்ல. "சரிங்க சார். எம் பங்கு எதுவோ அதைச் சொல்லிட்டேன்"னு அந்தக் கவரை மேசை மேல வெச்சா. ராஜினாமா. மொதலாளி அதைத் தொடவே இல்ல.

அவரு கம்ப்யூட்டரைத் திருப்பி என்னமோ பாத்தாரு. அந்த அட்டை எவ்வளவு நேரம் எந்தப் பெட்டியில இருந்துச்சுன்னு அதுல பதிவாகுமாம். எனக்கு யாரு சொன்னாங்க அதெல்லாம்? "ஒரு நிமிசப் படம். பதினோரு நிமிசம் தொறந்து வெச்சிருக்கறே. பதினோரு தடவை ஓட விட்டிருக்கறே. எழுத்துப்பிழை பாக்கறதுக்கு இத்தனை வேணுமா நாச்சிமுத்து?"

நான் பொறுமையாப் பாக்கற ஆளுங்கன்னேன். அவரு கோவமாப் பேசியிருந்தாக் கூடப் பரவால்ல. அவளைப் பாத்து "நீ போம்மா, வேலையைப் பாரு"ன்னாரு. எங்கிட்ட, "நீங்க நாளைக்கு வர வேண்டாங்க"ன்னாரு. பதினோரு வருசமா நீ வா போன்னு கூப்பிட்டவரு, நீங்கன்னாரு.

அந்தப் பதினோரு நிமிசம் என்ன பண்ணுனேன்னு கேக்கறீங்களா? என்னத்தைப் பண்ணுனேன். உக்காந்திருந்தேன். படம் ஓடும், முடியும். மறுபடி ஓட விடுவேன். ரெண்டு பட்டனும் பக்கத்துல பக்கத்துலதான் இருக்குது. விடுங்க அதை.

இப்பச் சொல்லுங்க, இது நன்றி கெட்டதனமா இல்லையா? அவளை யாரு கேட்டாங்க? நிரஞ்சன் போயிட்டான், படத்தை எடுத்துட்டாங்க, அவ பேரை யாருமே எடுக்கல. வாயை மூடிட்டுப் பொட்டாட்டம் இருந்திருந்தா அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. தானா வலியப் போய் நான்தான் வெட்டுனேன்னு நின்னாளே, அதுலயே தெரியலியா, பொழைக்கத் தெரியாதவன்னு? நாளைக்கு உங்க வீட்டுல ஏதாவது ஒரு விசயம் மூடி வெக்கணும்னா இவளை வெச்சு எப்படி மூடுவீங்க?

இன்னும் இருக்குது கேளுங்க. மூணு மாசம், ஞாயித்துக்கிழமை ஆனா தாராபுரம் பஸ் ஏறிருவா. கல்யாணம் ஆகாத பொண்ணு, எவனோ ஒரு மெக்கானிக்கு வீட்டுக்கு வாராவாரம் எதுக்குப் போகணும்? இல்ல, இருக்குதுங்க, அவனுக்கு சம்சாரம் இருக்குது, ரெண்டு பொம்பளப் புள்ளைக. அந்தம்மாவுக்குத் தையல் மிசின் வாங்க எங்கெங்கயோ அலைஞ்சு ஏற்பாடு பண்ணுனாளாம். யாருக்குத் தெரியும்.

அதை விடுங்க. அதே கண்டன்சர் படத்தை மறுபடி எடுத்திருக்கா. யாரை வெச்சு? அந்த வெள்ளியங்கிரியையே வெச்சு. கட்டில்ல கால்ல கட்டோட உக்காந்துட்டு, இடது கையில பல்பைப் பிடிச்சு அவன் சொல்றான். 'இதுக்கு முன்னாடி நாங்க போட்ட படம் தப்பு, அதைப் பாத்துச் செஞ்சுதான் இவரு விழுந்தாரு'ன்னு மொதல்லயே எழுத்துல போட்டிருக்கா. கம்பெனி மானத்தைத் தானே ஏலம் போடறா பாருங்க. மொதலாளியும் சரின்னுட்டாரு. நாலு நிமிசப் படம். லட்சக்கணக்குல பாத்திருக்காங்களாம். நான் பாக்கல. சரி, ஒருக்கா பாத்தேன். எழுத்துப்பிழை ஒண்ணு கூட இல்ல.

இப்ப அந்தப் பிரிவுக்கு அவதான் மேனேஜர். என்ற நாற்காலி. மஞ்சச் சீட்டை மறுபடியும் கொண்டாந்துட்டான்னு கேள்வி. அதுலயும் எட்டாவதா ஒரு கையெழுத்து சேத்திருக்காளாம். படத்தைப் பாத்துட்டு வேலையைச் செஞ்சு பாக்கற மெக்கானிக்கு கையெழுத்துப் போடணுமாம். அதுக்கு வர்ற ஆளு யாருன்னு சொல்லணுங்களா உங்களுக்கு? தாங்கித் தாங்கி நடந்துட்டு வந்து போடறானாம்.

நானா? நான் அவனைப் போய்ப் பாக்கலீங்க. நான் எதுக்குப் போகணும்? எனக்கும் அவனுக்கும் என்ன இருக்குது? நான் அவனைக் கையை வெக்கச் சொன்னேனா?

உக்காருங்ணா, அதுக்குள்ள எந்திரிச்சுட்டீங்க. நான் சொன்னதை வெச்சு நீங்க ஒரு முடிவு எடுத்தாப் போதும். வேண்டாம்னா புரோக்கர்கிட்டச் சொன்னா அவரு பக்குவமாச் சொல்லிருவாரு. ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லிறலாம், யாருக்கும் சங்கடமில்ல.

என்ன சொன்னீங்க?

உங்களை எங்கிட்ட அனுப்புனது புரோக்கர் இல்லீங்களா? அவளே குடுத்தாளா என்ற அட்ரசை? அவ கையால எழுதியா குடுத்தா?

என்னன்னு சொல்லிக் குடுத்தா? இல்லீங்க, அப்படியே சொல்லுங்க, அவ சொன்ன மாதிரியே. 'எம் மேல கோவமா இருக்கறவரு. நாலு வருசம் கூட இருந்து பாத்தவரு. அவரைக் கேளுங்க, நடந்ததை நடந்தபடி சொல்லுவாரு'ன்னாளா?

நடந்தபடின்னு சொன்னாளா.

போன் வந்த விசயத்தை உங்ககிட்டச் சொல்லியிருந்தாளா? சொல்லலியா. ஒரு வார்த்தை கூடவா?

என்ற சம்சாரத்துக்கே தெரியாதுங்ணா அது. மொதலாளிகிட்ட இல்லைன்னேன், வீட்டுல இல்லைன்னேன், கேட்டவங்ககிட்டயெல்லாம் அப்படி ஒரு போனே வரலைன்னுதான் சொல்லியிருக்கேன். இப்ப உங்ககிட்ட என்னத்துக்குச் சொன்னேன்னு தெரியல. அவ எப்படிப்பட்டவன்னு காட்டறதுக்காகச் சொன்னேன். பேச்சுவாக்குல வந்துருச்சு.

சிரிக்காதீங்க. சரி, சிரிக்கல நீங்க.

இன்னைக்கேவா போறீங்க அவங்க வீட்டுக்கு? பேசி முடிக்கறதுக்கு முன்னாடி உங்க சம்சாரத்துகிட்டக் கேட்டுக்க வேண்டாமா? ஏற்கனவே புடிச்சுத்தான் இருக்குதுங்களா அவங்களுக்கு. உங்களுக்குத்தான் ஒரு வார்த்தை கேக்கணும்னு இருந்துச்சாக்கும். கேட்டுட்டீங்க.

வழியா? இப்படியே நேரா போங்க, பெட்ரோல் பங்க்கைத் தாண்டுனதும் மேக்கால ஒரு வீதி பிரியும். மாரியம்மன் கோயில்ல இருந்து நாலாவது வீடு, பச்சை கேட்டு. அவங்கப்பா ஆப்பரேசன் முடிஞ்சு வந்தப்ப ஒருக்கா போயிருக்கேன். இந்த நேரத்துக்கு அவரு வாசல்லயேதான் உக்காந்திருப்பாரு.

போயிட்டு வாங்க. நான்தான் வழி சொன்னேன்னு மட்டும் சொல்லிறாதீங்க.